கைத்தொழில் கண்காட்சிகளில் பிரித்த துணிக்கும் ஒரு மேசை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளிலும் மகளிர் குழுக்களிலும் நடக்கும் கைத்தொழில் கண்காட்சிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது படங்களுடன் செய்தி வருகிறது. அரசுப் பெண்கள் பள்ளியில் 28 ஆண்டுகள் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது காட்பாடியில் என் வீட்டிலேயே சில பெண்களுக்கு எம்ப்ராய்டரியும், துணித்துண்டுகளை வெட்டி வேறொரு துணியின்மேல் வைத்துத் தைக்கும் அப்ளிக் வேலையும் கற்றுத்தரும் நான், அந்தப் படங்களை ஆசையோடு வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிறவள். அவற்றில் ஒரு குறை நெடுநாளாக என் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கிறது. எல்லாப் படங்களிலும் முடிந்த துணி மட்டுமே இருக்கிறது. அது முடிவதற்கு முன் எத்தனை முறை பிரிக்கப்பட்டது, எந்த இடத்தில் கை ஓடாமல் நின்றது, நின்ற கை எதனால் மறுபடியும் ஊசியை எடுத்தது என்பதையெல்லாம் கற்றுக்கொள்ளும் பெண்கள் பார்ப்பதற்கு எங்குமே வாய்ப்பில்லை. இதனால் எத்தனையோ நல்ல கைகள் பாதியில் நின்றுவிடுகின்றன என்பதைக் கண்ணால் கண்டவள் என்ற முறையில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பெண்களில் ஒருவர் குடியாத்தம் பக்கம் லுங்கி நெசவு செய்யும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். வேலூர்க் கோட்டை மதிலையும் அகழியையும் சுவரில் தொங்கவிடும் துணிப்படமாகச் செய்ய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். நான்கடி நீளம், மூன்றடி உயரம். மதிலின் கருங்கற்களுக்கு வண்ணத்தை வெளியே தேடாமல், வீட்டில் கட்டிப் பழசான லுங்கிகளையே கற்களாக வெட்டிவைக்கலாம் என்ற எண்ணம் அவருக்கே தோன்றியது. சாம்பல், பழுப்பு, மங்கிய பச்சைக் கட்டங்கள் அடுத்தடுத்து அமர்ந்தபோது, வெயிலும் மழையும் பட்டு நிறம் மாறிய கல்வரிசை அப்படியே எழுந்து நின்றது. அடியில் வெளுக்காத பருத்தித் துணியான காடா, அகழிக்கு நீலப் பாப்லின். மூன்று மாதம் இரவு வேலைகள் முடிந்தபின் உட்கார்ந்து தைத்தார். தைத்து முடித்து, பென்சில் கோடுகளும் கை அழுக்கும் போகட்டும் என்று தண்ணீரில் நனைத்து உலர்த்தியபோது படம் முழுவதும் சுருங்கி, மதில் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது.

ஒரு மாதம் அவர் வகுப்புக்கு வரவில்லை. பிறகு ஒருநாள் அந்தத் துணியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துவந்து, "எனக்கு இது வராது டீச்சர். தறி நெய்யறவங்க வீட்டுல இருந்துகிட்டு ஊசி பிடிக்கக் கத்துக்கணும்னு நினைச்சதே தப்பு" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் பள்ளியிலும் வீட்டிலும் நூற்றுக்கணக்கான வாய்களிலிருந்து கேட்டிருக்கிறேன். என் வாயாலும் சொல்லியிருக்கிறேன். துணி சுருங்கியது என்று ஆரம்பிக்க வேண்டிய பேச்சு, நான் லாயக்கில்லாதவள் என்று ஆரம்பிக்கிறது. துணியைப் பற்றிக் கேட்டால் பதில் கிடைக்கும். தன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டால் அழுகைதான் கிடைக்கும், அதனால் ஒரு தையல்கூட நேராவதில்லை. ஆகவே நான் அவருக்குத் தைரியம் எதுவும் சொல்லவில்லை. படத்தைத் தரையில் விரித்து, டெய்லர் சாக்கைக் கையில் கொடுத்து, "எங்கெங்கே சுருக்கம் இருக்கு, அதன்மேலேயே கோடு போடு கண்ணு" என்றேன்.

கோடு போட்டு முடித்ததும் நாங்கள் இருவருமே சற்றுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடுகள் அத்தனையும் படுக்கை வாட்டத்தில் இருந்தன. நெட்டுக்குத்தாக ஒன்றுகூட இல்லை. இழுத்துத் தைத்த கையின் குற்றம் என்றால், கற்களின் நான்கு ஓரங்களிலும் தையல் ஓடியிருப்பதால், சுருக்கமும் நான்கு பக்கமும் விழுந்திருக்க வேண்டும். ஒரே வாட்டத்தில் விழுந்திருக்கிறது என்றால் காரணம் கையில் இல்லை, அடித்துணியில் இருக்கிறது. மிச்சமிருந்த நனையாத காடாவில் பத்து அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி, பாவு வாட்டத்தில், அதாவது துணியின் நீளவாட்டு இழை ஓடும் பக்கமாக, ஒரு சிவப்பு நூலை அடையாளத்துக்கு ஓட்டி, வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, உலர்த்தி, தேய்த்து, அளந்து பார்த்தோம். பாவு வாட்டத்தில் அரை அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தது. குறுக்கிழை ஓடும் ஊடை வாட்டத்தில் கால் அங்குலம்கூடக் குறையவில்லை. லுங்கிகளோ பல வருடம் துவைத்துப் பழகியவை, அவை இம்மியும் அசையவில்லை. பாவு நெட்டுக்குத்தாக அமைந்த அடித்துணி மேலிருந்து கீழாக இழுத்துக்கொள்ள, மேல்துணி போக வழியில்லாமல் படுக்கையாக மடிந்திருக்கிறது.

இதை வீட்டில் போய்ச் சொன்னபோது அவருடைய மாமனார், "பாவை விறைப்பா இழுத்துக் கட்டித்தானே நெய்யறோம். தண்ணி பட்டா அது தன் இடத்துக்குத் திரும்பிடும். இதை எங்கிட்டக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே" என்றாராம். தறியில் பாவு இழைகள் கஞ்சி ஏறி, முறுக்கோடு நீட்டிவைக்கப்பட்டிருக்கின்றன. அறுத்தெடுத்த துணி முதன்முதலாக நன்றாக நனையும்போது அந்த இழைகள் நீட்டத்தை விட்டுத் தளர்கின்றன. ஊடை அவ்வளவு இழுபடுவதில்லை என்பதால் அவ்வளவு சுருங்குவதுமில்லை. நெசவாளிக்கு இது சோற்றில் உப்புப் போடுவதைப் போன்ற அறிவு. ஒரே கூரையின்கீழ் அந்த அறிவு இருந்தும் அந்தப் பெண் கேட்கவில்லை. தன் வேலை கெட்டுப்போனதை மாமனாரிடம் காட்ட வெட்கப்பட்டு, துணியைப் பெட்டிக்கு அடியில் மறைத்து வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு நிறைவு தந்தது. இனி எந்தத் துணியையும் நனைத்துவிட்டே தைப்போம் என்று நான் பாடத்தை அங்கேயே முடித்திருப்பேன். அவர் முடிக்கவில்லை. அளவு பார்த்த அந்தச் சதுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்படின்னா சுருக்கம் எந்தப் பக்கம் விழணும்னு நாமளே முடிவு பண்ணலாமா டீச்சர்?" என்றார். மதிலுக்கு நனைத்து உலர்த்திய காடா. அகழிக்கு மட்டும் நனைக்காத காடா, பாவு மேலிருந்து கீழாக வரும்படி வைத்து, அதன்மேல் துவைத்த நீலத்துணியைப் படுக்கை வாட்டத்தில் ஓட்டுத்தையலால் வரிவரியாகப் பிடித்தார். கரையோரம் வரிகள் நெருக்கம், நடுவில் அகலம். வெந்நீரில் நனைத்ததும் நெருங்கிய வரிகளுக்கிடையில் சின்னச் சின்ன மடிப்பும், அகன்ற இடத்தில் பெரிய மடிப்பும் எழுந்தன. மாலைக் காற்றில் கோட்டை அகழித் தண்ணீர் கரைப்பக்கம் எப்படிச் சிலிர்க்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அது துணியில் வந்திருந்தது. முதல் படத்தில் அவரை அழவைத்த அதே சுருக்கம், எந்த வாட்டத்தில், எந்த அளவில் வேண்டும் என்று கேட்டு வாங்கியது போல இரண்டாம் படத்தில் அமர்ந்திருக்கிறது.

எனக்கும் ஒரு காலத்தில் இப்படி நேர்ந்தது. பழைய சாயவேர்ச் சிவப்பை வீட்டில் எடுத்துப் பார்க்க ஆசைப்பட்டு, நாட்டு மருந்துக் கடையில் இம்பூறல் வேர் என்று கேட்டு வாங்கினேன். சித்த மருந்தில் இம்பூறல் என்று வழங்கும் செடியின் வேர்தான் சாயக்காரர்களுக்குச் சாயவேர். கடுக்காய் நீரில் ஊறவைத்து, படிகாரம் ஏற்றி, சுத்தமாக இருக்கட்டும் என்று கேன் தண்ணீரையே ஊற்றி, எவர்சில்வர் பாத்திரத்தில் மெல்லச் சூடேற்றினேன். துணி செங்காவியும் பழுப்புமாகச் சோர்ந்து வெளிவந்தது. மூன்று முறை செய்தும் அப்படியே. இது பரம்பரைக் கைகளுக்கு மட்டுமே வாய்ப்பது என்று முடிவுகட்டி, வேரைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். சில மாதம் கழித்து வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கைச் சுரண்டும்போதுதான், எங்கள் தெருவில் மூன்று விதத் தண்ணீர் புழங்குகிறது என்பதே நினைவில் தைத்தது. ஒரே துணி, ஒரே கடுக்காய், ஒரே படிகாரம். தண்ணீர் மட்டும் வேறு வேறாக நான்கு பட்டைகள் தோய்த்தேன். கேன் தண்ணீரில் பழைய பழுப்பே வந்தது. குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் கொஞ்சம் தேறியது. நாம் எல்லோரும் முகம் சுளிக்கும் போர் தண்ணீரில் சிவப்பு எழுந்து நின்றது. கேன் தண்ணீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு கரைத்த நான்காவது பட்டை, சற்று ஊதா சாய்ந்து, அதன் பக்கத்தில் வந்து நின்றது. படிகாரமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்துதான் அந்த வேரின் சிவப்பை நூலோடு கட்டுகின்றன. என் கையின் ராசியைப் பற்றி நான் வருந்திக்கொண்டிருந்த மாதங்களில் பதில் என் வீட்டுக் குழாயில் கொட்டிக்கொண்டிருந்தது.

இதை எழுதும்போது சிறுவயதில் ஆரணியில் என் பெரியம்மா வீட்டில் பார்த்த குழித்தறி கண்முன் வருகிறது. நெய்துகொண்டிருக்கும்போது பாவு இழை அறுந்தால் பெரியப்பா தறியை நிறுத்துவார். அறுந்த முனையைத் தேடிப் பிடித்து, துண்டு இழை சேர்த்து முடிந்து, பாவு இழைகளைத் தூக்கிப் பிரிக்கும் விழுதிலும், ஊடையை நெருக்கும் பண்ணையிலும் மறுபடி நுழைத்துவிட்டு, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை மீண்டும் எறிவார். ஒரு நாளில் எத்தனை முறை அறுந்தாலும் அவர் முகம் மாறியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் இழை அறுவதையும் பார்க்கும், அதை முடிச்சுப் போடுவதையும் பார்க்கும். நெசவாளர் வீட்டுப் பிள்ளை இழை அறுந்ததற்காகத் தனக்கு நெசவு வராது என்று எண்ணாததற்குக் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன். தையலில் நாம் அப்படி வைத்துக்கொள்ளவில்லை. தவறியதைத் தனியே உட்கார்ந்து பிரிக்கிறோம், பிரித்த நூலைக் குப்பையில் போடுகிறோம், சபைக்கு வருவது முடிந்ததே. பார்க்கும் பெண்ணுக்கு, மற்றவர்கள் எல்லோரும் ஒரே மூச்சில் தைத்து முடித்தவர்கள் போலவும், தான் ஒருத்தி மட்டும் தடுமாறுவது போலவும் தோன்றாமல் வேறு எப்படித் தோன்றும்? இப்போது போனில் வரும் வீடியோக்களில் மூன்று நாள் வேலை ஒரு நிமிடத்தில் பூத்துவிடுவது இந்த எண்ணத்தை இன்னும் பெருக்குகிறது.

ஆசிரியைகளாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையல் எழுதும் மாணவிகளை நாங்கள் தயார் செய்தபோது, மாதிரித் துணி நோட்டில் ஒட்டிய ஒவ்வொரு தையலும் பழுதற்றதாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினோம். துணியைத் திருப்பிப் பின்பக்கத்தில் முடிச்சுகளைத் தேடினோம். சுத்தம் வேண்டியதே. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கெட்டுப்போன மாதிரியை நோட்டில் வைத்து, அது ஏன் கெட்டது என்று இரண்டு வரி எழுதச் சொல்ல எனக்கு 28 ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தோன்றவில்லை. இளம்வயதில் ஒரு கண்காட்சிக்கு நான் கொண்டுபோன திரைச்சீலையை, பொறுப்பிலிருந்த ஒருவர் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் ஓரத்தில் ஒதுக்கிவைத்தார். எந்த இடம் தவறு என்று அவர் சொல்லியிருந்தால் அன்றிரவே சரிசெய்திருப்பேன். சொல்லாததால் நான்கு ஆண்டுகள் பெரிய துணி எதையும் தொடவில்லை.

நம் பக்கத்துப் பழைய கலைகள் தவறுக்கும் சந்தேகத்துக்கும் தங்கள் முறைக்குள்ளேயே இடம் வைத்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 1911இல் சித்தூர் மாவட்டம் தனியாகப் பிரியும்வரை காளஹஸ்தி நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே கலம்காரி எழுதுகிறவர்கள், கடுக்காயும் பாலும் ஏற்றிய துணியில் முதலில் புளியங்குச்சிக் கரியால் வரைகிறார்கள். அது தட்டினால் உதிரும் கோடு. உருவம் மனத்துக்குச் சரியென்று பட்டபிறகே, இரும்பும் வெல்லமும் ஊறவைத்து எடுத்த கறுப்பில் கலம் என்னும் எழுதுகோலைத் தோய்க்கிறார்கள். அந்தக் கறுப்பு கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்துவிட்டால் பிறகு அழியாது. அழியாத கோட்டுக்கு முன் அழியும் கோடு ஒன்று வேண்டும் என்று அந்தக் கலை தன் ஒழுங்கிலேயே விதித்துக்கொண்டிருக்கிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற நீலகிரித் தோடர் எம்ப்ராய்டரியில் வரைபடமே கிடையாது. வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணி, சிவப்பும் கறுப்புமாக நூல் ஓட்டுகிறார்கள். போர்வையை இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம். எண்ணிக்கை பிசகினால் அடுத்த வரியே காட்டிக்கொடுத்துவிடும். பிசகு தெரிவது அங்கே வேலைக்கு உதவியாகவே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தன்மேல் நம்பிக்கை இல்லை என்று நாம் பேசுவதில் பாதி, துணிக்குக் கொடுத்த காசைப் பற்றிய பயம். கணவரிடமோ மாமியாரிடமோ கேட்டு வாங்கிய பணத்தில் எடுத்த இரண்டு மீட்டர் துணியில் கத்தரியை வைக்கும் கை நடுங்கத்தான் செய்யும். அந்தப் பெண்ணிடம் போய் மன உறுதி வேண்டும் என்று உபதேசிப்பது நியாயமில்லை. அவருக்கு நாலங்குலத் துண்டுகள் பத்து வேண்டும், கெட்டாலும் யாரும் கணக்குக் கேட்காத துண்டுகள். லுங்கியும் பட்டும் நெய்யும் ஊர்கள் சூழ்ந்த நம் பகுதியில் வெட்டு மிச்சத்துக்குப் பஞ்சமில்லை. பள்ளிகளும் மகளிர் குழுக்களும் அவற்றைச் சேகரித்து, சோதனைத் துண்டுகளாக இலவசமாகக் கொடுத்தாலே பல கைகள் துணிந்துவிடும் என்பது என் அனுபவம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. கைத்தொழில் கண்காட்சி நடத்துவோர், முடிந்த படைப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, அவற்றுக்காகத் தைத்துப் பார்த்த சோதனைத் துண்டுகளையும், பிரித்த துணிகளையும், என்ன செய்தபோது என்ன ஆயிற்று என்று தைத்தவரே எழுதிய சீட்டோடு வைக்க வேண்டும். தையல் ஆசிரியைகள் மாதிரித் துணி நோட்டில் கெட்டுப்போன மாதிரிகளுக்கென்று நான்கு பக்கம் ஒதுக்கி, அவற்றுக்கும் மதிப்பெண் தர வேண்டும். தங்கள் நாளிதழும் பரிசு பெற்ற துணியின் படத்தை வெளியிடும்போது, அதன் பின்பக்கத்தையும் சிறிதாக ஒரு படம் எடுத்துப் போட்டால், என்னைப் போன்றவர்கள் வகுப்பில் பத்து நாள் பேசிப் புரியவைப்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும். இந்த மேசையை எங்காவது போட முன்வருவோருக்கு என்னுடைய நான்கு சிவப்புப் பட்டைகளையும், அந்தப் பெண் சம்மதத்துடன் சுருங்கிப்போன முதல் கோட்டைப் படத்தையும் அனுப்பிவைக்கத் தயாராக இருக்கிறேன். அதன்மேல் போட்ட சாக் கோடுகளை நாங்கள் அழிக்கவில்லை.

என்னிடமும் தீராத துணி ஒன்று இருக்கிறது. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூணிலுள்ள யாளியை ஆறு ஆண்டுகளாகத் தைத்துப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். பிடரியின் சுருள்கள் சங்கிலித் தையலில் தட்டையாகப் படிந்துவிடுகின்றன, காம்புத் தையலில் கயிறு போலத் தெரிகின்றன. கல்லில் இருக்கும் குழிவு வரவில்லை. சென்ற வாரம் அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, சுருளுக்கு அடியில் மட்டும் நனைக்காத காடாவை வைத்துத் தைத்துப் பிறகு நனைத்தால் என்ன என்று கேட்டார். பாவை எந்த வாட்டத்தில் வைப்பது என்பதில் எங்கள் இருவருக்கும் இன்னும் ஒத்த கருத்து ஏற்படவில்லை. இரண்டு வாட்டத்திலும் நாலங்குலத் துண்டு ஒவ்வொன்று வெட்டிவைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நனைக்கப்போகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.